கஸ்தூரி வரைந்த வெள்ளப் படம்

பாகூருக்குத் தெற்கே, பெண்ணையாற்றை ஒட்டிய ஓர் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் கஸ்தூரி. பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவள். புருஷன் ராஜ்மோகனோடு கரும்பும் நெல்லும் பார்த்துக்கொண்டிருந்ததில் படித்தது பாதி மறந்துபோயிருந்தது. ஒரு மழைக்காலத்தில் ஆறு ஊருக்குள் புகுந்த பிறகுதான் அது மறுபடி தேவைப்பட்டது.

அன்றைக்கு ஆட்களை மீட்க கடலோர ஊரான நல்லவாட்டிலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். செல்போன் வரைபடத்தைப் பார்த்து வந்தவர்களுக்குக் கீழத்தெரு அகப்படவில்லை. வரைபடத்தில் அப்படி ஒரு தெருவே இல்லை. சாயங்காலம் வரை மொட்டைமாடியில் நனைந்துகொண்டிருந்தவர்களில் கஸ்தூரியின் நாத்தனார் ஆதிலட்சுமியும் ஒருத்தி. நிறைமாதக்காரி. பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. ஆனாலும் கஸ்தூரிக்கு மனசு ஆறவில்லை.

இணையத்தில், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம் என்று ஒரு திறந்த வரைபடம் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் அதில் ஊர்த் தெருக்களை வரைந்து சேர்த்தாள். அடுத்து, எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்று காட்டினால் என்ன என்று தோன்றியது. கல்லூரியில் கொஞ்சம் பழகியிருந்த ‘ஆர்’ என்ற நிரல்மொழியைப் பழைய லேப்டாப்பில் ஏற்றினாள். செயற்கைக்கோள் அளந்த நில உயரத் தரவு இலவசமாகவே கிடைத்தது.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிப்போய், ஊர் வட துருவத்துக்குப் பக்கத்தில் கடலில் கிடந்தது.

ராஜ்மோகன் எட்டிப் பார்த்தான். “நம்ம ஊரு எங்கடி?”

“வட துருவத்துக்குப் போயிருக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடும்.”

வந்தது. பள்ளமான இடம் நீலம், மேடு வெள்ளை. பெரிதாக அச்செடுத்துப் பால் சொசைட்டி சுவரில் ஒட்டினாள்.

மறுநாளே உலகநாதன் வந்து நின்றார். ராஜ்மோகனுக்குத் தூரத்துப் பெரியப்பா. ரோட்டோர நிலத்தை மனை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

“இன்னா கஸ்தூரி, என் மனையெல்லாம் நீலம் அடிச்சி வெச்சிருக்க? வாங்க வந்தவன் படத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் பூட்டான்.”

“நான் அடிக்கல மாமா. உயரத்தைப் பார்த்து கம்ப்யூட்டர் போட்டது.”

“அப்ப உங்க வூட்டைச் சுத்தி இருக்குற தென்னந்தோப்பு மட்டும் எப்பிடி வெள்ளையா இருக்குது? போன தபா அங்க மார்பளவு தண்ணி. உன் வூடுன்னா ஒரு நியாயமா?”

பால் ஊற்ற வந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர் சொன்னது உண்மைதான். தோப்பில் தண்ணீர் நின்றதை அவளே பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து, தரவோடு வந்த விளக்கக் குறிப்பை முதல் முறையாக முழுக்கப் படித்தாள். மேலே இருந்து பார்க்கையில் முதலில் எது தட்டுப்படுகிறதோ, அதையே செயற்கைக்கோள் உயரமாகக் கொள்கிறது. தென்னங்கீற்றைத் தரை என்று எழுதி வைத்திருந்தது.

ஆதிலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். சுவரிலும் மோட்டார் கொட்டகையிலும் ரோட்டோர வேலிக் கல்லிலும் படிந்திருந்த சேற்றுக் கறையை டேப் வைத்து அளந்து, அந்த அளவுகளைக் கம்ப்யூட்டரில் கொடுத்துப் படத்தைத் திருத்தினாள்.

“தோப்பு நீலமானா நம்ம வூடும் நீலமாவும். யோசிச்சிக்கோ” என்றான் ராஜ்மோகன்.

“நான் யோசிச்சி என்னாவப் போவுது? தண்ணிதான் ஏற்கெனவே வந்துட்டுப் போயிடுச்சே.”

புதுப் படத்தில் தோப்பும் அவர்கள் வீடும் நீலமாயின. உலகநாதனின் மனைகளில் ரோட்டை ஒட்டிய இரண்டு மட்டும் வெள்ளைக்கு வந்தன.

“ரெண்டுதானா?”

“அளந்ததுல அவ்ளோதான் மாமா.”

கோபத்தில் அவர் ஆதிலட்சுமி குழந்தையின் காதுகுத்துக்கும் வரவில்லை.

அடுத்த ஐப்பசியில் ஆறு பெருகுகிறது என்று அறிவிப்பு வந்தது. நீலத் தெருக்காரர்கள் மாடு கன்றோடும் வயசானவர்களோடும் வெளிச்சம் இருக்கும்போதே மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். கஸ்தூரியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஆனால் இந்தத் தடவை மொட்டைமாடியில் யாரும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது உலகநாதனிடமிருந்து போன் வந்தது.

“கஸ்தூரி, நீ வெள்ளைன்னு சொன்ன ரெண்டாவது மனையில தண்ணி நிக்குது.”

“எவ்ளோ மாமா?”

“கணுக்காலுக்கு மேல.”

“அங்கயே ஒரு சவுக்குக் கழி நட்டு அடையாளம் வையுங்க. வடியறதுக்குள்ள வந்து அளந்துடறேன்.”

“கழி இருக்குது. பார்த்து வா, வழியெல்லாம் சேறு” என்றார்.