பேனரில் ஏறிய வேற்றுக்கிரகவாசி

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் வான் இயற்பியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த வருடங்களில், நான் புனைபெயரில் ஒரு வாரப் பத்திரிகைக்கு வேற்றுக்கிரக உயிர்களைப் பற்றி எழுதிவந்தேன். புனைபெயருக்குக் காரணம் என் நெறியாளர். மங்கலான நட்சத்திரங்களின் ஒளி எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் என் ஆய்வு. அதை முடிக்காமல் பச்சை மனிதர் கதையெல்லாம் எழுதினால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முதல் வருடமே சொல்லிவிட்டார். சரி சார் என்றேன், எழுதவும் செய்தேன். வியாழனின் நிலவொன்றில் பனிக்கு அடியில் கடல் இருக்கலாம் என்று படித்துவிட்டு ஒருத்தி எப்படிச் சும்மா இருப்பாள்?

கட்டுரைகள் புத்தகமாக வந்தன. சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் மட்டும் சொன்னேன். அது சித்தப்பா காதில் விழுந்ததுதான் வினை. எங்கள் ஊரில் காதுகுத்தோ கல்யாணமோ, பாஸ்போர்ட் கைக்கு வந்ததோ, டிஜிட்டல் பேனர் வைக்காவிட்டால் நடந்ததாகவே அர்த்தமில்லை.

ஆய்வேட்டில் கையெழுத்து வாங்கவேண்டிய அன்று காலை வளாக வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே இருபதடி உயரத்தில் நான் நிற்கிறேன். ‘வேற்றுக்கிரக உயிரைக் கண்டெடுத்த எங்கள் வீட்டு விஞ்ஞானியே, வருக!’ கீழே செல்போனைக் காதில் வைத்த சித்தப்பா, அவர் நண்பர்கள் பதினோரு பேர், ஒரு கைக்குழந்தை. அது யார் வீட்டுக் குழந்தை என்று இன்றுவரை தெரியாது. எனக்குப் பக்கத்தில், பெரிய தலையும் பச்சை உடம்புமாக ஒன்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தது. அதன் முழங்காலருகே ஒரு சின்ன வட்டத்துக்குள் என் நெறியாளர்.

போன் போட்டேன். "அவரை எதுக்கு சித்தப்பா போட்டீங்க?"

"சொல்லிக்குடுத்தவரை உட்டுட்டு பேனர் வெச்சா நாலு பேரு துப்பமாட்டான்?"

நெறியாளர் அறையில் ஆய்வேடு மூடியபடி மேசைமேல் கிடந்தது. மன்னிப்பு வாசகங்களை வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எங்க வீட்டம்மா பஸ்ல போறப்ப பாத்துட்டு போன் பண்றாம்மா," என்றார். "அந்தப் பச்சை மனுசன் காலடியில என்னா பண்றீங்கன்னு கேக்குறா."

மறுபடி போன் போட்டேன்; ஒரு மணி நேரத்தில் சித்தப்பா பேனர் கடைக்காரரோடும் ஏணியோடும் வந்து சேர்ந்தார். சாரின் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் அந்த அளவுக்கு இடம் இருந்தது அந்தப் பச்சைத் தலையின்மேல் மட்டும்தான். ஒட்டினார்கள். கண்ணாடி போட்ட என் நெறியாளர் பச்சைக் கைகளைக் கூப்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையை வணங்கினார்.

மதியம் வாசலுக்கு டீ குடிக்க வந்த நெறியாளர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். கையெழுத்தாகாமல் நான் எடுத்துவந்திருந்த ஆய்வேட்டைக் கேட்டார். டீக்கடை ஸ்டூல்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"எத்தனை நாளைக்கு இருக்கும் இது?"

"நீங்க சொல்ற வரைக்கும் சார்," என்றார் சித்தப்பா.

நெறியாளர் மறுபடி அண்ணாந்த நேரத்தில் ஆய்வேட்டை அள்ளிக்கொண்டு அலுவலகத்தில் கொடுக்க ஓடினேன்.