பனியில் கருகிய மாந்தோப்பு

அடியார்கள் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. போன தை மாதம் எங்கள் மாந்தோப்பில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

வையம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது தோப்பு. கணவர் காலமான பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மார்கழிக் கடைசியில் மரமெல்லாம் பூத்து நின்றது. அப்புறம் பிடித்தது குளிர். வெயில் ஏறியும் பனி விலகாது. பூங்கொத்தைத் தொட்டால் கரித்தூளாக உதிர்ந்தது. தளிர்கள்கூடக் கருகின. அதற்கு முந்தின வருடமும் காய்ப்பில்லை. எனக்கு உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை.

கொழுந்தனார் தோப்பைச் சுற்றிப் பார்த்தார். "மரம் பட்டுப்போச்சு அண்ணி. வெட்டிடலாம். நீங்களும் எத்தனை நாள்தான் கஷ்டப்படுவீங்க?" என்றார். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டேன். மரம் வெட்ட ஆள் சொல்லியாயிற்று. சேதத்தைப் பார்க்க வரும்படி தோட்டக்கலை அலுவலகத்தில் முன்பே கேட்டிருந்தேன். "நிறைய தோப்பு இருக்கும்மா, வரிசையாத்தான் வருவோம்" என்று சொல்லியிருந்தார்கள்.

வெட்டுவதற்கு முதல்நாள் ஸ்ரீரங்கம் போனேன். என்ன கேட்பது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். பெருமாள் முன்னால் நின்றதும் எல்லாம் மறந்துபோனது. "முடியலப்பா, ரெங்கா" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. அழக்கூட வரவில்லை. நகரச் சொன்னார்கள். நகர்ந்தேன்.

மறுநாள் காலை ஆட்கள் ரம்பத்தோடு வந்துவிட்டார்கள். அவர்கள் பின்னாலேயே ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தார். தோட்டக்கலை அலுவலராம். "பக்கத்து ஊர்ல பார்க்க வந்தேங்க. அங்க தோப்புக்காரர் இல்லை. சரி, உங்களுதைப் பார்த்துடலாம்னு வந்தேன்" என்றார்.

மரம் மரமாகப் போனார். கத்தியால் கொம்பின் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை.

"பூ முழுக்கச் சேதந்தாங்க. ஆனா மரம் உயிரோட இருக்கு. கருகின கொத்தை ஒடிச்சு விடுங்க. குளிர் போறதுக்குள்ள செஞ்சா மறுபடி பூக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

கொழுந்தனார் கத்தியை வாங்கி இன்னொரு மரத்தைத் தானே சுரண்டிப் பார்த்தார். அதிலும் பச்சை. பிறகு ஆட்களிடம், "போயிட்டு வாங்கப்பா. வெட்ட வேண்டாம்" என்றார்.

கொத்து ஒடித்து ஒடித்து எனக்குக் கழுத்தும் கையும் விட்டுப்போயின. கொழுந்தனாரும் ஏணி போட்டு ஏறினார். பல நாள் ஒன்றும் தெரியவில்லை. ஒரு காலை கிணற்றோரத்து மரத்தில் இலைக்கு அடியில் புதிதாகப் பூமொட்டு பார்த்தேன். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் அழுதேன்.

காய்ப்பு பாதிகூட இல்லை. அதுவும் தாமதம். சில மரம் பூக்கவே இல்லை. ஆனால் தோப்பு நிற்கிறது. களைப்பு இன்னும் தீரவில்லை. விடிந்தால் எழுந்து தோப்புக்குப் போக இருந்த பயம் மட்டும் இப்போது இல்லை.

கேட்கக்கூடத் தெம்பில்லாமல் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்குச் சொல்கிறேன். வார்த்தை வராவிட்டாலும் பரவாயில்லை. ஒருமுறை போய் அவன் முன்னால் நில்லுங்கள்.