துரையின் இரண்டு பலகைகள்

தோற்றவர்களின் காலில் பலகை கட்டித் தண்டிப்பது நார்வே வழக்கம் என்று நம்பிய முட்டாள் நான். எங்கள் ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பின் நார்வே துரை, தன் ஊர் கிளப்பின் படங்கள் இரண்டை மாட்டியிருந்தார். ஒன்றில் கால்பந்தோடு சிரிக்கும் ஆட்கள். மற்றதில் அதே ஆட்கள், காலில் நீண்ட பலகைகளோடு.

எங்கள் ஷாப் அணி பேரணாம்பட்டு அணியிடம் தோற்றபோது நான்கு கோல் விட்ட கோல்கீப்பர் நான்தான். மறுநாளே துரை இரண்டு பலகை இழைக்கச் சொன்னார்.

“இன்னா தோஸ்த், கால் அளவு குடுத்துட்டியா?” என்றான் தச்சன் தேவராஜ்.

துரையிடம் ஓடினேன். “தொரே, நான் புள்ளகுட்டிக்காரன்!” என்று காலில் விழுந்தேன்.

துரையோ பலகைகளைத் தன் காலில் கட்டிக்கொண்டு, தோல் பதனிடக் குவித்திருந்த ஆவாரம்பட்டை மேட்டிலிருந்து சறுக்கினார். பாதியிலேயே புதைந்து விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார். நான் கும்பிட்ட கையை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டைத் தூளைத் தட்டிக்கொண்டே அவர் சொன்னார்: பனியில் சறுக்குவதற்காகத் தொடங்கிய கிளப்பாம் அது. பந்து பின்னால்தான் வந்ததாம். தோல்வியைப் பற்றி அவர் பேசவே இல்லை. அவர் ஊரில் இப்போது பனி விழும் மாதமாம்.