லைலாக் புத்தகமும் கஸ்தூரி எலுமிச்சையும்

“ஏட்டப் படிச்சுக் காட்டுனா புழு செத்துருமா, புள்ள?”

பங்களாவின் கார் டிரைவர் அண்ணன் இப்படிக் கேட்டபோது நான் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஜப்பான்காரன் வந்ததும் என் படிப்பு நின்றுபோனது, பெருமை நிற்கவில்லை. “செத்துரும், பாருங்கண்ணே” என்றேன்.

அந்த பங்களா மலாக்காவில், காஜா பேராங் சாலையோரம் இருந்தது. அப்பா அங்கே தோட்டக்காரர். குண்டு விழத் தொடங்கியதும் வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடிவிட, ஒரு ஜப்பான் அதிகாரி குடிவந்தார். அவர் அப்பாவை வேலையில் வைத்துக்கொண்டு, முத்திரை குத்திய சீட்டு ஒன்றும் கொடுத்தார். அப்பா அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்ததே இல்லை. சீட்டு இல்லாத ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடியிருப்பு வரிசையில் மட்டும் மூன்று வீட்டு ஆண்கள் போயிருந்தார்கள். ஒருவரிடமிருந்தும் சேதி இல்லை.

பங்களாவின் கேட்டிலிருந்து படிக்கட்டு வரை பன்னிரண்டு கஸ்தூரி எலுமிச்சை மரங்கள். பழத்துக்காக வைத்தவை அல்ல, அழகுக்கு. அப்பா அவற்றைப் பந்துபோல வெட்டி வைத்திருப்பார். அதிகாரி காரில் ஏறுமுன் ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டுத்தான் போவார். ஒருநாள் அவர் கிள்ளிய இலையில், நத்தை ஊர்ந்த தடம்போல வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடின. அடுத்த இலையிலும் அப்படியே. ஜப்பான் பேச்சு கொஞ்சம் பழகியிருந்த டிரைவர் அண்ணன்தான் அவர் சொன்னதை அப்பாவுக்குச் சொன்னார். “ரெண்டு மாசத்துல பெரிய அதிகாரி வர்றாராம். அதுக்குள்ள மரம் சுத்தமாவணுமாம். இல்லாட்டி வேற தோட்டக்காரன் பாத்துக்குவாராம்.”

அதன் பிறகுதான் நான் சாமான் அறையில் துரை விட்டுப்போன புத்தகங்களைக் குடைந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்தேன். இங்கிலாந்துத் தோட்டங்களுக்காக எழுதியது. அதில் லைலாக் என்று ஒரு பூமரம். இன்றுவரை நான் பார்த்ததில்லை. அதன் இலைக்குள்ளும் ஒரு புழு, மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவே சுரங்கம் போட்டுத் தின்னுமாம். புகையிலைத் தண்ணீரில் சவுக்காரம் கரைத்துத் தெளிக்கச் சொல்லியிருந்தது. குளிக்கவே சவுக்காரம் இல்லாத காலம் அது. இன்னொரு வழி, கோடு விழுந்ததையெல்லாம் வெட்டி எரித்துவிடுவது. நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன்.

அப்பா தயங்கினார். “அது வெள்ளக்கார ஊரு மரம். நம்ம லீமா எலுமிச்சைக்கு ஒத்து வருமா, தாயி?”

“எந்த ஊரா இருந்தா என்னாப்பா? புழு புழுதானே.”

அப்பா வெட்டினார். இரண்டு நாள் முழுக்க வெட்டினார். எரியும் எலுமிச்சை இலையின் வாசம் எங்கள் தலைமயிரில் ஒரு வாரம் இருந்தது. “எம் பொண்ணு இங்கிலீசு புஸ்தகத்துல பாத்து சொல்லுச்சு” என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். இரண்டு வாரத்தில் மரங்கள் இளம்பச்சையாகத் துளிர்த்துப் பளபளத்தன. என் கால் தரையில் பாவவில்லை. மூன்றாவது வாரம் அத்தனை துளிரிலும் கோடு. முன்னைவிட இரண்டு மடங்கு.

“அடேங்கப்பா” என்றார் டிரைவர் அண்ணன். “வாழ எல போட்டு விருந்தே வச்சுட்டியே புள்ள!”

வீட்டில் அம்மா அப்பாவைத்தான் பிடித்துக்கொண்டார். “ஒரு செடிக்குத் தண்ணி ஊத்திருப்பாளா அவ? அவ சொன்னான்னு மொட்ட அடிச்சீங்களாக்கும்?” அப்பா சீட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தார், மடித்தார், பையில் வைத்துக்கொண்டார். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. கோணிச் சாக்கு நூலைப் பிரித்து ஒவ்வொரு மரத்திலும் நாலைந்து கிளைகளில் அடையாளத்துக்குக் கட்டினேன். தினமும் காலையில் அதே இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பத்து நாளில் ஒன்று தெரிந்தது. முற்றிய இலையில் புதிதாகக் கோடு விழவே இல்லை. புழுவுக்கு வேண்டியது துளிர் மட்டும்தான். கேட் தூணுக்குப் பின்னால், அப்பாவின் கத்திரியும் வாளியும் எட்டாமல், வரிசையில் சேராமல் நின்ற ஒற்றை மரம் கரும்பச்சையாக, சுத்தமாக இருந்தது. லைலாக் வருஷத்துக்கு ஒரு முறை துளிர்க்கும் மரம் என்று புத்தகம் முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தது. எங்கள் மரமோ வெட்ட வெட்டத் துளிர்க்கும், தண்ணீர் ஊற்ற ஊற்றத் துளிர்க்கும். புத்தகம் பொய் சொல்லவில்லை. எனக்கு வேண்டிய வரியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

“வெட்டவும் கூடாது, தண்ணியும் ஊத்தக் கூடாதா?” என்றார் அப்பா. “மரம் பரட்டத் தலையா நின்னா அந்தாளு கன்னத்துல விடுவாரும்மா.”

அதனால் நானே அதிகாரியின் முன்னால் போய் நின்றேன். குனிந்து வணங்கிவிட்டு, ஓர் இலையின் மேல்தோலை நகத்தால் உரித்து, உள்ளே நெளிந்த மஞ்சள் புழுவைக் காட்டினேன். பிறகு முற்றிய இலை ஒன்றைக் கொடுத்தேன். டிரைவர் அண்ணன் எனக்காகப் பேசினார், வேர்த்துக்கொட்டிக்கொண்டே பேசினார். அதிகாரி இரண்டு இலைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

“வெட்ட வேணாமாம்” என்றார் அண்ணன். “ஆனா நாளத் தள்ளிப் போட மாட்டாராம்.”

மீதி இருந்தது மூன்று வாரம். விடிந்ததும் மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு தின்றுவிட்டு நானும் அப்பாவும் போவோம். அவர் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. கோடு விழுந்த துளிரை மட்டும் கிள்ளி, விரலால் நசுக்குவோம். அதற்கு முன் அப்பா என்னோடு அவ்வளவு பேசியதில்லை. கப்பலில் வந்தபோது வாந்தி எடுத்தது, கல்யாணத்துக்கு இரவல் செருப்புப் போட்டது, எல்லாம் அந்த மரங்களுக்கு நடுவில்தான் கேட்டேன். வயிறு காய்ந்த காலம்தான். ஆனாலும் எலுமிச்சை மணக்கும் விரல்களோடு அவர் சிரித்த அந்தக் காலைகள் இன்னொரு முறை கிடைக்குமென்றால் நான் யோசிக்கவே மாட்டேன்.

பெரிய அதிகாரி வந்த அன்று அடிக்கிளைகளில் பழைய கோடுகள் இருக்கத்தான் செய்தன. மேலே எல்லாம் கரும்பச்சை. அவர் நடந்தபடியே ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். அப்பாவின் சீட்டில் புது முத்திரை விழுந்தது.

மறுநாள் காலை டிரைவர் அண்ணன் அப்பாவைத் தனியே கூப்பிட்டார். “அண்ணே, நம்ம அதிகாரிக்கு மாத்தல் வரும்னு பேச்சு அடிபடுது. இவரு போயிட்டா இந்தச் சீட்டு செல்லாது. எதிர் பங்களாவுலயும் இதே மரம், இதே புழு. அத சுத்தம் பண்ணிக் குடுத்தா அங்கேருந்தும் ஒரு சீட்டு கெடைக்கும். ஒங்க பொண்ணக் கேட்டுப் பாருங்களேன்.”

அப்பா என்னைத் தேடித் திரும்பியபோது நான் அங்கே இல்லை. பாதிப் பேச்சு காதில் விழுந்ததுமே சாலையைக் கடந்து, எதிர் பங்களாவின் காவல்காரரிடம் தெரிந்த மலாயில் பேசி, உள்ளே போய், முதல் மரத்தில் நூல் கட்டிக்கொண்டிருந்தேன்.