ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம்

காகிதத்தில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலையைக் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடத்தில் முடிப்பதற்காக மூன்று மாதம் பாடுபடுவதுதான் எங்கள் தொழில். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும், மாட்டாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நான் மாவனல்லையில் இருந்துகொண்டு கடைகளுக்கும் தோட்டங்களுக்கும் புரோகிராம் செய்து கொடுத்துவந்தேன். புரோகிராம் என்றதும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் பெட்டியை இழுத்து வைத்தால் பெட்டி, பட்டனை இழுத்து வைத்தால் பட்டன் என்று ஒரு சாஃப்ட்வேர் அப்போது கைக்கு வந்திருந்தது. நான் எழுதியது குறைவு, இழுத்தது அதிகம்.

வாடிக்கையாளர் முன்னால் இழுக்காதீர்கள்

ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார்தான் என் முதல் வாடிக்கையாளர். எந்தச் சாமான் எந்த ராக்கையில் இருக்கிறது என்று பார்க்க ஒரு புரோகிராம் கேட்டிருந்தார். ஒரு மாதம் என்று சொன்னது மூன்று மாதமாகிவிட்டது. ஒருவழியாகக் கம்ப்யூட்டரைக் கடைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தவர், 'தேடு' என்ற பட்டன் வலது பக்கம் இருந்தால் நல்லது என்றார். எனக்கு என் கெட்டித்தனத்தைக் காட்டும் ஆசை. அவர் கண் முன்னாலேயே பட்டனைப் பிடித்து வலது பக்கம் இழுத்து வைத்தேன்.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பட்டனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு லேசா இழுத்து வெக்க ஏலும் எண்டா, மூணு மாசமா நீங்க என்ன செஞ்சீங்க தம்பி?"

புத்தகத்தில் உள்ளபடி

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் கஹவத்தைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் அங்கே முப்பத்திரண்டு தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப் போகிறது. யாருக்கு வீடு என்பதில் ஒரே ஒரு விதிதான்: எந்த லயக் காம்பராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில், நெருக்கடி அதிகமோ, அங்கே இருப்பவர்களுக்கு முதலில். கையால் பட்டியல் போட்டால் வேண்டியவன், வேண்டாதவன் என்று பேச்சு வரும், கம்ப்யூட்டர் போட்டால் யாரும் வாய் திறக்க முடியாது என்பது தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் கணக்கு. அவர் சிங்களவர், ஆனால் தோட்டத்துத் தமிழை என்னைவிட நன்றாகப் பேசுவார்.

விபரம் தரவேண்டியவர் பெரிய கிளாக்கர் தங்கராஜா. அந்த ஆபீஸில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். தடித்த காம்பராப் புத்தகத்தை என் முன்னால் விரித்து வைத்தார். எண்பத்தாறு காம்பரா, எண்பத்தாறு பேர், கோடு போட்டு அழகாக எழுதியிருந்தது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. காம்பரா நம்பரையே அடையாளமாக வைத்து, ஒரு நம்பர் ஒருமுறைதான் வரலாம் என்று படிவத்தைக் கட்டிவிட்டேன். ஒரு பேச்சுக்காக, "ஒரு காம்பராவுல ஒரு குடும்பம்தானே ஐயா?" என்று கேட்டேன். கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த கடிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "புத்தகத்துல அப்படித்தான் இருக்குங்க தம்பி."

மடுவத்தில் ஒரு குடும்பம்

படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். தங்கராஜா கிளாக்கர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி இரண்டு வாரத்தில் எல்லாக் குடும்பத்தையும் ஏற்றிவிட்டார். போய்த் திறந்து பார்த்தால், எண்பத்தாறு இருக்கவேண்டிய இடத்தில் நூற்றிருபத்தேழு. எண்பத்தாறு வரை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு குடும்பம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வசித்தது. இன்னொன்று பழைய ஆட்டுப்பட்டியில். மூன்று பிள்ளைகளோடு ஒருவர் வாசிகசாலையில் குடியிருந்தார். அம்மன் கோயில் மேளக் கொட்டகையைக்கூட விட்டுவைக்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு காம்பராவில் இரண்டாவது குடும்பத்தின் பெயரை அடித்ததும், 'இந்தக் காம்பரா ஏற்கனவே பதிவாகியுள்ளது' என்று என் படிவம் சிவப்பு எழுத்தில் மறித்திருக்கிறது. மகனுக்குக் கல்யாணமானால் நடுவில் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு அங்கேயே இருப்பார்கள், தங்கை புருஷனை இழந்து வந்தால் இஸ்தோப்பில், அதாவது முன் விறாந்தையில், அடுப்பு வைத்துக்கொள்வாள் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்காக இப்படியா எழுதுவது என்று கேட்டேன். கிளாக்கர் கொஞ்சமும் அசரவில்லை. "ஒங்க மெசின் எடம் இல்லேனு சொல்லிருச்சு தம்பி. ஆளுகள வெளிய நிக்க வைக்க முடியுமா? அதான் நானா ஒரு எடம் பாத்துக் குடுத்தேன்."

சுத்தம் செய்

பெரிய தொரை பட்டியலைப் பார்க்க வந்தார். வாசிகசாலையில் குடும்பம் என்ற வரியைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. வெள்ளைக்காரர்களிடம் இதைக் கொடுத்தால் சிரிப்பார்கள், புத்தகத்தில் இல்லாத காம்பரா ஒன்றும் பட்டியலில் இருக்கக்கூடாது என்றார். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். படிவம்தான் பிழை, திரும்பக் கட்டவேண்டும் என்று சொன்னால் இன்னும் ஒரு மாதமா என்று கேட்பார் என்ற பயம் எனக்கு. ஹாஜியார் கேட்ட கேள்வியே அப்போதும் காதில் இருந்தது. அதனால் ஒரு பட்டனை இழுத்து வைத்து, அதற்கு 'சுத்தம் செய்' என்று பெயரிட்டு, அழுத்தினேன்.

நாற்பத்தொரு குடும்பம் மறைந்தது. பிரதி ஒன்று எடுத்து வைக்கவேண்டும் என்ற நினைப்பும் எனக்கு வரவில்லை. ஒவ்வொரு காம்பராவிலும் ஒரே ஒரு குடும்பம் என்று ஆகிவிட்டதால், நெருக்கடி என்ற சொல்லுக்கே அந்தத் தோட்டத்தில் இடமில்லாமல் போனது. நெருக்கடியைக் கண்டுபிடிக்கச் செய்த புரோகிராம் அது. நான் அப்போது பெருமையாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். தொரை என் தோளில் தட்டினார். "ஹரி, இப்பத்தான் புத்தகமும் கம்ப்யூட்டரும் ஒண்ணு மாதிரி இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே பாக்கியம்

வெள்ளிக்கிழமை பட்டியலை ஒட்டவேண்டும். செவ்வாய்க்கிழமை கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் பாக்கியம். நாலாம் லயத்தில் பதினாலாம் காம்பரா அண்ணனுடையது. அதன் இஸ்தோப்பில் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஆறு வருடமாக இருக்கிறாள். அதே காம்பராவின் உள்ளே அண்ணன் குடும்பம் ஒரு பக்கம், அவருடைய மூத்த மகன் குடும்பம் மறுபக்கம். பெரியவள் வயதுக்கு வந்துவிட்டாள், சாக்குப் படுதாவுக்குப் பின்னால் எத்தனை நாள் வைத்திருப்பது, ஒரு கதவு இருந்தால் போதும் என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். விதிப்படி பார்த்தால் முப்பத்திரண்டில் முதல் வீடு அவளுக்கு.

பெயரை அடித்துத் தேடினேன். 'பதிவு எதுவும் இல்லை' என்று வந்தது. எனக்குத் தெரியும், கிளாக்கர் மடுவத்தில் வைத்திருந்த அவளை அங்கிருந்து அழித்தது நான்தான். வெட்கமாக இருந்தது. கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் இல்லை அக்கா என்று மட்டும் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. கொழுந்துக் கறை படிந்த விரலால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நான் நிக்கிறேனுங்க, மலையில கொழுந்து எடுக்கிறேனுங்க. அதுக்கெல்லாம் இருக்கிற ஆளு இதுல மட்டும் எப்படிங்க இல்லாம போவேன்?"

புத்தகத்தின் பின்பக்கம்

அவள் போனதும் கிளாக்கரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அழித்த நாற்பத்தொரு குடும்பத்தையும் திரும்ப எங்கே தேடுவது என்று தலையில் கை வைத்தேன். அவர் காம்பராப் புத்தகத்தை எடுத்தார், தலைகீழாகத் திருப்பினார், பின்பக்கத்திலிருந்து விரித்தார். பென்சிலால் எழுதிய பக்கங்கள். ஒவ்வொரு காம்பராவிலும் உண்மையில் யார் யார், இஸ்தோப்பில் யார், எந்த மாதம் வந்தார்கள், எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் இருந்தது. மாவும் அரிசியும் அளந்து கொடுப்பதற்காக இருபது வருடமாக அவர் எழுதிவந்தது. முன்பக்கம் மேலிடம் பார்க்க, பின்பக்கம் வேலை நடக்க.

இரண்டு நாள் படிவத்தைப் பிரித்து, ஒரு காம்பராவுக்குள் மூன்று குடும்பப் பெட்டிகள் இழுத்து வைத்தேன். கிளாக்கர் வாசிக்க நான் தட்டினேன். தொரையிடம் அவரே பென்சில் பக்கத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்; தொரை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒட்டச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைப் பட்டியலில் முதல் பெயர் பாக்கியம். இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு, முதல் நாளே ஏன் ஐயா காட்டவில்லை என்று மனம் பொறுக்காமல் கேட்டேன். "நீங்க புத்தகத்தக் கேட்டீங்க, குடுத்தேன். ஆளுகளக் கேக்கலையே தம்பி."

புது வீடு

ஒன்றரை வருடம் கழித்து, புது வீடுகளுக்கு ஒரு பதிவு வேண்டும் என்று மறுபடி கூப்பிட்டார்கள். புது வீடு, தனி வீடு, தனிக் கதவு. ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று நிம்மதியாகக் கட்டிக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான் கட்டியிருப்பீர்கள். முதலாம் வீட்டைச் சரிபார்க்கப் போனபோது பாக்கியம் தேத்தண்ணி கொடுத்தாள். பெரியவளும் சின்னவளும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன் இஸ்தோப்பில் ஒரு புது அடுப்பு எரிந்தது. அண்ணனின் இரண்டாவது மகன் கல்யாணம் முடித்து, அங்கே இடமில்லாமல் இங்கே வந்திருக்கிறான். நான் கையில் இருந்த படிவத்தைப் பார்ப்பதைப் பாக்கியம் கவனித்துவிட்டாள். "இஸ்தோப்புல கெடந்தவளுக்குத்தாங்க அந்தக் கஷ்டம் தெரியும். அதுக ரெண்டு பேரையும் நம்ம வீட்டு நம்பர்லயே போட்டுருங்க ஐயா, விட்டுறாதீங்க."

பெட்டியை எவ்வளவு பெரிதாக இழுத்து வைத்தாலும் அதற்குள் அடங்காமல் ஒரு குடும்பம் வெளியே நிற்கும் என்பதும், கட்டுகிறவனுக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தியாகவே இருக்கும் என்பதும்தான் இத்தனை வருடத்தில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது.