உப்புக்கண்டத்தில் கருப்பட்டி

தென்காசியில் ஜாஹிரா பீவியிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. மீன்காரர், கேபிள்காரர், ரேஷன் கடை வரிசையில் நடுவே புகுகிறவர் என்று ஒருத்தரையும் அவள் விட்டதில்லை. அப்படிப்பட்டவள் இருபத்துநான்கு வருஷமாக ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கடையநல்லூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் துல்கர்னைனைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்தாள். மூன்றாம் மாதமே அவர் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போய்விட்டார். அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமியாரோடு உட்கார்ந்து முதன்முதலாக உப்புக்கண்டம் போட்டாள். குர்பானிக் கறியை விரல் நீளத்துக்கு அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு அரைத்துப் பிசறி, நூலில் கோத்து மொட்டைமாடியில் கொடி கட்டிக் காயப்போட வேண்டும். குற்றாலத்துச் சாரல் வந்தால் கொடியை இறக்கு, வெயில் தலைகாட்டினால் ஏற்று என்று பத்து நாள் உயிரை வாங்கும் வேலை. காய்ந்ததும், அரபு நாட்டுக்குப் புறப்படுகிற யார் பெட்டியிலாவது துல்கர்னைனுக்கு ஒரு பொட்டலம் போய்ச் சேரும்.

அவள் பிறந்த வீட்டில் மசாலாவோடு கொட்டைப்பாக்கு அளவு கருப்பட்டியும் வைத்து இடிப்பார்கள். மாமியார் காதில் அதைப் போட்டதும் அவர் குதித்தார். “கறியில இனிப்பு பட்டா புழு வைக்கும்ளா! எங்க வீட்டுல அந்தப் பேச்சே வேண்டாம்.” சரி என்று தலையாட்டிய ஜாஹிரா, மாமியார் தொழுகைக்கு நின்ற நேரம் பார்த்து கருப்பட்டியைத் தட்டி மசாலாவில் கலந்துவிட்டாள். புழுவும் வைக்கவில்லை, ஒன்றும் வைக்கவில்லை. மறு வருஷமும் போட்டாள். மாமியார் மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்த தெருவில் நாத்தனார் பாஹிமா இருக்கிறாளே! வருஷா வருஷம் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுவாள். “அப்படியே உம்மா கைப்பக்குவம் மதினி” என்பாள். அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

பத்தொன்பது வருஷம் கழித்து ஊரோடு வந்து சேர்ந்த துல்கர்னைன், குற்றாலத்தில் ஐந்தருவி போகிற பாதையில் பழக்கடை போட்டார். போன சீசனில் ஒருநாள், விருதுநகர்க்காரக் குடும்பம் ஒன்று ரம்புட்டானைக் காட்டி இது என்ன பழம் என்று கேட்டது. “சாவி” என்றார். அவரே சிரித்துவிட்டார். மறுநாள் மங்குஸ்தானைத் தொப்பி என்றார். மூன்றாம் நாள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்த மனைவியை நிமிர்ந்து பார்த்து, அவள் பெயர் வராமல் திணறினார். ஜாஹிரா அப்போதே கடையை அடைக்க வைத்தாள்.

திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் புளியங்குடி எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. அன்றைக்குச் சாயங்காலமே பாஹிமாவின் போனுக்கு யாரோ ஒரு குரல் செய்தியை அனுப்பினார்கள். உப்பிட்டுக் காயவைத்த கறி தின்றால் மூளையில் கட்டி வரும், அதில் இனிப்பும் சேர்ந்தால் கட்டி கொழுத்து வளரும் என்று ஒரு ஆண் குரல் அடித்துச் சொன்னது. பாஹிமா ‘சீ, கிறுக்கன்’ என்று அழித்துவிட்டாள். ஜாஹிராவால் மனதிலிருந்து அழிக்க முடியவில்லை. இருபத்துநான்கு வருஷம் தன் கையாலேயே கொடுத்தோமே என்று விடியும்வரை கணக்குப் போட்டாள். மறுநாள் காலை, ஜாடியில் இருந்த உப்புக்கண்டம் முழுவதையும் நகராட்சிக் குப்பை வண்டியில் கொட்டினாள்.

ஆபரேஷன் செய்ய வேண்டிய மகாதேவன் டாக்டர் சொன்னதைக் கேட்டு அவளுக்கு மயக்கம் வராத குறை. மண்டையைத் திறந்த பிறகு அவரை விழிக்க வைப்பார்களாம். வலிக்காதாம். கட்டி, பேச்சு இருக்கிற இடத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதாம். அவர் பேசிக்கொண்டே இருக்க, டாக்டர் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்ப்பாராம். தொட்டதும் வார்த்தை தடுமாறினால் அந்த இடத்தை விட்டுவிடுவார். தடுமாறாவிட்டால் வெட்டி எடுப்பார்.

“அல்லாவே! பேச்சு எங்கன இருக்குன்னு தொட்டுப் பாக்க முடியுமா டாக்டர்?”

“முடியும்மா. எனக்கே ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாத்தான் இருக்கு.”

ஜாஹிரா தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவர் ஓதுகிற குர்ஆன் சூராக்கள், கெட்ட வார்த்தைகள், தம்மாமில் உடன் தங்கியிருந்தவர்களின் பெயர்கள், இவள் பெயர், அத்தனையும் இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு சதைக்குள்ளா இருக்கிறது? அதற்குள் விரல்நுனி அகலம் தவறினால் ஒரு மனிதன் ஊமையாகிவிடுவானா? படைத்தவனை நினைத்து அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற உமாராணி என்ற பெண், ஆபரேஷனுக்கு முந்தின நாள் வந்தாள். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டாள். பிறகு, தடங்கல் இல்லாமல் நீளமாகச் சொல்கிற மாதிரி ஏதாவது சொல்லச் சொன்னாள். துல்கர்னைன் கொஞ்சம் யோசித்துவிட்டு உப்புக்கண்டம் போடுகிற கதையை எடுத்தார். கறி அரிவது, மசாலா அரைப்பது, நூல் கோப்பது, கொடியை ஏற்றி இறக்குவது என்று வரிசை பிசகாமல் சொன்னார். உமாராணி பதிவு செய்துகொண்டாள். பக்கத்தில் இருந்த பாஹிமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜாஹிரா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரில் சொல்வதற்கு வேறு ஒன்றுமா கிடைக்கவில்லை இந்த மனுஷனுக்கு!

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவரை உள்ளே கொண்டுபோனார்கள். பதினொன்றரைக்குக் கதவு திறந்தது. முகமூடியைக்கூட இறக்காமல் ஒரு நர்ஸ் ஓடிவந்தாள்.

“அம்மா, நீங்க உப்புக்கண்டத்துல கருப்பட்டி போடுவீங்களா?”

ஜாஹிரா பாஹிமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“நேத்து மாதிரியே உப்புக்கண்டத்தைச் சொல்லிக்கிட்டு வரும்போது, ஒரு இடத்தைத் தொட்டா அவர் கருப்பட்டின்னு சொல்லுதாரு. மூணு தடவை சொல்லிட்டாரு. நேத்துப் பதிவுல அந்த வார்த்தையே இல்ல. வார்த்தை மாறி வருதுன்னா டாக்டர் அந்த இடத்தோட நிறுத்திருவாரு, மிச்சக் கட்டி உள்ளேயே இருக்கும். நிஜமாவே போடுறதுன்னா மேல போகலாம். சீக்கிரம் சொல்லுங்க.”

பாஹிமா முந்திக்கொண்டாள். “கறியில கருப்பட்டியா? எங்க உம்மா வீட்டுல அப்படி ஒரு வழக்கமே கிடையாது நர்ஸம்மா. எங்க அண்ணன், துல்கர்னைன் காக்காவுக்கு வார்த்தை தடுமாறுது. நிறுத்தச் சொல்லுங்க!”

நர்ஸ் திரும்பினாள். ஒரு நொடிதான். ஜாஹிரா பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“போடுவேன்! நான் போடுவேன் தாயி! கொட்டைப்பாக்கு அளவு. பூண்டோட வச்சு இடிப்பேன். அவுக சொல்லுதது சரிதான், தடுமாறல. போய்ச் சொல்லு, ஓடு!”

கதவு மூடிக்கொண்டது. பாஹிமா வாயைப் பிளந்தபடி நின்றாள். ஜாஹிரா நாற்காலியில் பொத்தென்று விழுந்து, முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

“உங்க உம்மாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இருபத்துநாலு வருசமாப் போடுதேன். அதனாலதான் அவுகளுக்கு இது வந்திருக்கு. நான்தான் பாஹிமா, நானே என் கையால...”

பாஹிமா விலகிப் போகவில்லை. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஜாஹிராவின் அழுகைக்கு நடுவிலும் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு எப்படித் தெரியும்? சொன்னதில்லை, காட்டியதில்லை, அவர் ஊரில் இருந்த நாளிலும் கண்முன்னால் இடித்ததில்லை.

இரண்டு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். “எடுக்கக்கூடியது எல்லாம் எடுத்தாச்சு. நீங்க சொல்லி அனுப்பினதுக்கு அப்புறம் படம் காட்டியும் சரிபாத்துக்கிட்டோம். ஒரு வார்த்தைகூடத் தப்பல. என்ன வகைக் கட்டின்னு ரிப்போர்ட் வரட்டும், மேற்கொண்டு வைத்தியம் பாப்போம்.”

ஜாஹிரா அவர் முன்னால் போய் நின்றாள். “உப்புக்கண்டம் தின்னுதானே வந்துச்சு டாக்டர்? மறைக்காம சொல்லிருங்க.”

“யாரு சொன்னா? உப்புக்கண்டத்தால வரும்னா பெருநாளுக்குப் பெருநாள் இந்த ஆஸ்பத்திரி தாங்குமாம்மா? பதப்படுத்தின கறி, உப்பு, இனிப்புன்னு எத்தனையோ வருஷமா உலகம் பூரா ஆராயுறாங்க. இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல ஒண்ணும் அகப்படல. இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் ஏன் வருதுன்னே தெரியாது. உப்பைக் குறைச்சா ரத்த அழுத்தத்துக்கு நல்லது. அவ்வளவுதான். இந்தப் பாரத்தை இறக்கி வையுங்க.”

ஊரையே வாயால் ஓட்டுகிறவள் இரண்டு கையையும் குவித்தாள்.

சாயங்காலம் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். தலை முழுக்கக் கட்டு, முகம் வீங்கியிருந்தது. ஜாஹிரா குனிந்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

“ஏட்டி ஜாஹிரா.”

அந்தப் பெயர் தடங்கல் இல்லாமல் வந்து விழுந்ததும் அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மண்டையைத் திறந்து, தொட்டு, வெட்டி, திரும்ப மூடியிருக்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு தன் பெயர் அங்கேயே, வைத்த இடத்திலேயே இருக்கிறது. சுப்ஹானல்லாஹ் என்று உதடு தானாக முணுமுணுத்தது.

“கருப்பட்டி உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தம்மாமுக்கு முத பொட்டலம் வந்தப்பவே தெரியும்” என்றார் மெல்ல. “சட்டியில போட்டதும் ஓரம் சிவந்து கரிஞ்சுது. உம்மா போட்டது அப்படிக் கரியாது. சரி, இது எம்பொண்டாட்டி வேலைன்னு நெனச்சுக்கிட்டேன். அங்கன அந்த ருசி ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு.”

“பிறகு ஏன் இத்தனை வருசமாச் சொல்லல?”

“சொன்னா உம்மா உன்னைச் சும்மா விட்டிருப்பாகளா? நேத்துக்கூட பாஹிமா பக்கத்துல இருந்தான்னுதான் கருப்பட்டியை விட்டுட்டுச் சொன்னேன். இன்னைக்கு உள்ளே அவ இல்ல, தைரியமாச் சொல்லிட்டேன்.”

அவர் அவள் விரலைப் பிடித்து இழுத்தார். காதைப் பக்கத்தில் கொண்டு வரச் சொன்னார்.

“பாஹிமாகிட்ட மட்டும் சொல்லிராதட்டி.”

பாஹிமா கட்டிலின் தலைமாட்டில், அவர் கண்ணுக்குப் படாத இடத்தில் நின்றிருந்தாள். ஜாஹிரா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பாஹிமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, சத்தம் போடாமல் வெளியே போனாள்.

“சொல்ல மாட்டேன்” என்றாள் ஜாஹிரா பீவி.