சாம்பியன் ரீஃபிலிருந்து ஒரு டப்பா ஃபிலிம்

கோலார் தங்கவயலுக்கு ஒருநாள் போய்வரலாமா, பார்க்க அங்கே என்ன இருக்கிறது என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்தது அறுபத்தாறாம் வருஷத்துத் தங்கவயல். நான் தங்கம் பார்க்கப் போகவில்லை, ஒரு டப்பா ஃபிலிம் எடுத்துவரப் போனேன். போகும் வழி அன்றும் இன்றும் ஒன்றுதான் என்பதால் அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், ஃபிலிமில் விழுந்த கோடுகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை. வானத்திலிருந்து துகள்கள் நம்மேல் ஓயாமல் பொழிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் நியூட்ரினோ என்ற ஒன்று மட்டும் பாறையானாலும் பூமியே ஆனாலும் ஊடுருவிப் போய்விடும். அதைப் பிடிக்க மற்றதையெல்லாம் வடிகட்ட வேண்டும். அதற்காக சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே எங்கள் ஆட்கள் கருவி வைத்திருந்தார்கள். துகள் கடந்தால் கண்ணாடிக் குழாய்கள் மின்னும், கேமரா படம் பிடிக்கும். மேலிருந்து கீழே இறங்கும் கோடு வடிகட்டலில் தப்பிய வேறு துகளாக இருக்கலாம், அது எங்களுக்கு வேண்டாம். பக்கவாட்டில் ஓடும் கோடுதான் வேண்டும், ஏனென்றால் அது நியூட்ரினோ பாறையில் மோதிக் கிளப்பியது. மாதக்கணக்கில் காத்திருந்தால் ஒன்று கிடைக்கும்.

வழக்கமாக ஃபிலிமைச் சுரங்க வளாகத்திலேயே கழுவிவிடுவார்கள். அந்தப் பங்குனியில் பேத்தமங்களா ஏரி வற்றிப்போய், ஊருக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். குடிக்கவே இல்லாதபோது ஃபிலிம் கழுவ யார் தருவார்கள்? கழுவாத ஃபிலிமை வந்து வாங்கிப்போகும்படி அங்கிருந்த சேகரன் தொலைபேசியில் சொன்னார். கூடவே, "கருவியின் மீட்டர்படி செவ்வாய்க்கிழமை பக்கவாட்டில் ஒன்று போயிருக்கிறது, பத்திரம்" என்றார். நான் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை.

என் பழைய டைரியில் கணக்கு இருக்கிறது. பெங்களூர் கண்டோன்மென்ட்டில் காலை 6.20 ரயில். மூன்றாம் வகுப்பு இரண்டு ரூபாய் பத்து பைசா. எழுபது கிலோமீட்டர் தாண்டி 8.15க்குப் பங்காரப்பேட்டை. அங்கே மாறி, மாரிக்குப்பம் போகும் கிளை ரயில் 8.50க்கு, நாற்பத்தைந்து பைசா. கோரமண்டல், ஊர்காம் தாண்டி சாம்பியன் நிறுத்தத்தில் இறங்கும்போது மணி 9.40. கோரமண்டல் வந்ததுமே ஜன்னலில் சாம்பல்நிற மணல் மேடுகள் தெரியும். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண் அது. காற்றடித்தால் பல்லெல்லாம் மணல், சொல்லிவிட்டேன்.

நிறுத்தத்திலிருந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாஃப்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. பதினொரு மணிக்குக் கேஜ் என்ற இரும்புக்கூண்டு லிஃப்டில் மேலே வந்த சேகரன், கறுப்புக் காகிதம் சுற்றிய டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கேஜிலேயே இறங்கிவிட்டார். பெண்கள் இறங்கச் சட்டம் இடம் தராது. கோடுகளைப் பார்த்துச் சொல்வது நான், ஆனால் அவை விழும் இடத்தை நான் பார்த்ததே இல்லை. அந்த எரிச்சல் எனக்கு எப்போதும் உண்டு.

வெளிவாசலில் பெண்களைச் சோதிக்கும் கன்னியம்மா நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், காக்கி ரவிக்கை, இடுப்பில் சாவிக்கொத்து. சுரங்கத்தை விட்டு எது வெளியே போனாலும் திறந்து பார்த்துத்தான் விடுவார்கள். கழுவாத ஃபிலிம் இதற்குமுன் அந்த வாசலைத் தாண்டியதில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"இன்னா மா இது? தொறங்க."

கடிதத்தைக் காட்டினேன். வெளிச்சம் பட்டால் மூன்று மாத வேலை பாழ் என்றேன்.

"கடுதாசி சரிதான் மா. சோத்து டப்பா அடியில தங்கத்த வெச்சுகினு போனவங்களும் கடுதாசி வெச்சிருந்தாங்க. தொறந்து பாக்காம வுட்டா என் வேல பூடும்."

"திறந்தால் என் வேலை போய்விடும்!" என்று கத்தினேன். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அதுதான். வானம் பாறையைத் துளைத்து ஒரு கோடு போட்டிருக்கிறது, இந்த அம்மாள் கேட்டில் நிறுத்துகிறார்!

கன்னியம்மா கோபப்படவில்லை. டப்பாவைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"வெளிச்சந்தானே ஆவாது? இருட்டு ஆவுமா?"

"ஆகும்."

"அப்ப வாங்க. நான் கண்ணால பாக்கணும்னு ரூல்ல இல்ல."

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவு இடுக்கில் கம்பளியைத் திணித்தோம். என் கைக்கடிகாரத்தின் முள் இருட்டில் ஒளிரும், அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தேன். பிறகு பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் கையே எனக்குத் தெரியவில்லை என்று உறுதியாகும்வரை பத்து நிமிஷம் டப்பாவைத் திறக்கவில்லை.

"என் ஊட்டுக்காரர் இருவது வருசமா எறங்கறாரு" என்று அந்த இருட்டில் கன்னியம்மா சொன்னார். "கீழ எப்பிடி இருக்கும்னு கேட்டா, இன்னா, இருட்டுதான்னு சொல்லிட்டுப் படுத்துக்குவாரு. இது அங்கியே புடிச்ச போட்டோவா மா?"

"ஆமாம்மா."

திறந்தேன். சுருளின் ஓரத்தை மட்டும் தொடச் சொன்னேன். அவர் விரல்கள் சுருளின் விளிம்பைச் சுற்றி, நடுத்துளைக்குள் போய், டப்பாவின் அடியைத் தடவி வெளியே வந்தன. மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டார். "ஒண்ணும் இல்ல. மூடுங்க." காகிதத்தைச் சுற்றி முடித்து வெளியே வந்ததும் வெயிலில் இருவருக்கும் கண் கூசியது. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க மா, ரயிலு பூடும்" என்றார். 1.10 ரயில் கிடைத்தது.

ஃபிலிம் பழுதில்லாமல் கழுவப்பட்டது. செவ்வாய்க்கிழமைப் படத்தில், கறுப்பின் நடுவே ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள், கிட்டத்தட்டப் படுக்கைக் கோடாக. பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அடுத்த மாதம் மறுபடி போனபோது அதில் ஒரு பிரதி எடுத்துப் போனேன். கன்னியம்மாவிடம் கொடுத்து, அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா என்று உற்சாகமாக ஆரம்பித்தேன். அவர் புள்ளிகளைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த கறுப்பைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

"இவ்ளோ இருட்டா மா அங்க?"

விளக்கெல்லாம் உண்டு, படத்துக்காக அணைப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் படத்தை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அன்று என் பையை நானே திறந்து காட்டினேன்.

போகிறவர்களுக்கு: பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் கிளைப்பாதை இன்றும் ஓடுகிறது, நேரத்தை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். மணல் மேடுகளில் ஏறாதீர்கள், அது நல்ல மண் அல்ல. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், கீழே யாரையும் விடமாட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்று ஷாஃப்டின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம். கன்னியம்மாவும் நானும் பார்த்தது அவ்வளவுதான்.